மே தினத்துப் பலூன்

லண்டனில் ஒரு கர்ப்பிணிக்கு நெற்றியின் இடப்பக்கம் ‘படக்’கென்று ஏதோ அறுந்தது போலிருந்தது. அன்று தொடங்கித் தலைக்குள் ஓயாத இரைச்சல். கண் பிதுங்கியது, நாடியோடு சேர்ந்து அதுவும் துடித்தது. 1809-ல் பெஞ்சமின் டிராவர்ஸ் என்ற மருத்துவர் துணிந்து அவளுடைய கழுத்துத் தமனியைக் கட்டிவிட்டார். துடிப்பு அடங்கியது. கோளாறு கண்குழிக்குள்தான் என்று அவர் நம்பினார். அது இருந்த இடமோ வேறு.

கண்ணுக்குப் பின்னால், மண்டையோட்டின் அடியில், அந்தத் தமனி ஒரு சிரைக் குளத்தின் நடுவே புகுந்து போகிறது. உடம்பில் வேறெங்கும் இல்லாத அமைப்பு. அங்கே கீறல் விழுந்தால் தமனி ரத்தம் சிரைக்குள் பீறிட்டு, கண்ணை நோக்கி எதிர்த்து ஏறும். கழுத்தில் கட்டுப் போட்டதில் சிலர் பிழைத்தார்கள்; சிலருக்கு மூளைக்கு ரத்தம் போதாமல் கை கால் விழுந்தது. இன்னும் சிலருக்குச் சுற்றுவழியில் ரத்தம் வந்து இரைச்சல் திரும்பியது. ஓட்டையை அது இருக்குமிடத்திலேயே அடைக்க வேண்டும். எப்படி?

1930-ல் அமெரிக்க மருத்துவர் பார்னி புரூக்ஸ் ஒரு தசைத் துண்டைத் தமனிக்குள் விட்டார். ரத்த ஓட்டமே அதை இழுத்துப்போய் ஓட்டையில் சொருகும் என்பது கணக்கு. அபாரமான யோசனைதான். ஆனால் கைவிட்டுப் போன துண்டு வழிதவறி மூளைக்குள் ஏறினால் பக்கவாதம். திருப்பி இழுக்க வழியில்லை. 1950-ல் சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கியபோதும் அந்தச் சிக்கல் தீர்ந்தபாடில்லை. விடை ஒரு திருவிழாக் கூட்டத்தில் காத்திருந்தது.

1959 மே தினம், மாஸ்கோ செஞ்சதுக்கம். புர்தென்கோ நரம்பியல் அறுவை நிலையத்தின் இளம் மருத்துவர் ஃபியோதர் செர்பினென்கோ, நூலில் கட்டிய பலூன்களைப் பிள்ளைகள் ஆட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். காற்று இழுக்கிறது, பிடி கையில் இருக்கிறது! தசைத் துண்டுக்கு இல்லாமல் போனது அந்த நூல்தான்.

நுண்குழாய் முனையில் லேடெக்ஸ் பலூன்களைத் தன் கையாலேயே செய்து பார்த்தார். 1964-ல் ஒரு நோயாளியின் தமனியைப் பலூனால் தற்காலிகமாக அடைத்துக் காட்டினார். ஆனால் குழாயை உருவினால் பலூனும் கூடவே வந்துவிடுமே?

உள்ளே போனபின் இறுகும் சிலிக்கோனால் பலூனை நிரப்பி, குழாயை மட்டும் கழற்றி எடுத்தார். 1970 ஏப்ரலில் கண்ணுக்குப் பின்னால் இப்படி ஓட்டை விழுந்த நோயாளி ஒருவரின் தமனியையே நிரந்தரமாக மூடினார். பிறகு தமனியை ஓடவிட்டு, ஓட்டையில் மட்டும் பலூனை நிறுத்தக் கைவந்தது. 1974-ல் ஆங்கிலத்தில் கட்டுரை வெளிவந்ததும் மேலைநாட்டு மருத்துவர்கள் அசந்துபோனார்கள்.

இன்று தொடையிடுக்கில் ஒரு சிறு துளை போட்டு, கண்ணுக்குப் பின்னால் வரை குழாயை ஓட்டி, பெரும்பாலும் பிளாட்டினச் சுருளால் அடைக்கிறார்களே, அந்தச் சிகிச்சைக்கு வழிவிட்டது இந்தப் பலூன்தான். மண்டையைத் திறப்பதில்லை. அண்ணாகிராமம், பண்ருட்டிச் சாலைகளில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவருக்குச் சில வாரம் கழித்து இதே கீறல் தலைகாட்டக்கூடும். கண் சிவந்ததும் ‘மெட்ராஸ் ஐ’ என்று சொட்டு மருந்து விட்டு நாளைக் கடத்தினால் பார்வையே போகலாம். மெட்ராஸ் ஐ வந்த கண் பிதுங்கித் துடிக்காது. காதுக்குள் நாடியோடு சேர்ந்து ‘உஸ்… உஸ்’ என்று இரைச்சலும் கேட்காது.