காயத்துக்குப் பின் ஓட்டம்: அச்சத்தைத் திருத்துவது எது?

கடுங்காயத்துக்குப் பிறகு மீண்டும் ஓடத் தொடங்குவோரைப் பற்றிய பேச்சில் ‘மன உறுதி’ அளவுக்கு மீறி இடம்பிடித்திருக்கிறது. மீண்டு வந்தவரை உறுதி படைத்தவர் என்று போற்றுகிறோம். வராதவரிடம் ஏதோ குறை இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். இந்தப் பார்வை சான்றுகளோடு பொருந்தவில்லை. ஓடுபவருக்குத் தீங்கும் செய்கிறது. காயம்பட்டவரின் அச்சம் அடிப்படையில் ஒரு முன்கணிப்பு. ‘இந்தக் கால் தாங்காது’ என்பதே அதன் சாரம். ஊக்கச் சொற்கள் அதை அசைப்பதில்லை. அளவறிந்து கூட்டப்படும் ஓட்டம் ஒன்றே அதைத் திருத்தும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

உடல் குணமாவதும் ஆடுகளத்துக்குத் திரும்புவதும் வேறுவேறு என்பதற்கு முழங்கால் அறுவைச் சிகிச்சைத் துறை வலுவான சான்று தருகிறது. ஏசிஎல் தசைநாரைச் சீரமைத்துக்கொண்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வுகளைக் கிளேர் ஆர்டெர்ன் குழுவினர் 2014இல் தொகுத்துப் பார்த்தனர். ஏதேனும் ஒரு விளையாட்டுக்குத் திரும்பியோர் 81 விழுக்காடு. காயத்துக்கு முந்தைய நிலையை எட்டியோர் 65. போட்டிகளுக்குத் திரும்பியோர் 55. இந்த இடைவெளி முழுவதையும் மனத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. வேலை, குடும்பம், வயது ஆகியவற்றுக்கும் அதில் பங்குண்டு. ஆயினும் திரும்பாதோர் சொல்லும் காரணங்களில் மறுபடியும் அடிபடுமோ என்ற அச்சம் விடாமல் தலைகாட்டுகிறது. உணர்ச்சி, தன்திறன் நம்பிக்கை, இடர் பற்றிய மதிப்பீடு ஆகியவற்றை 12 வினாக்களில் அளக்கும் கருவியொன்றைக் கேட் வெப்ஸ்டர் குழுவினர் 2008இலேயே உருவாக்கியிருந்தனர்.

இச்சான்றுகள் பெரிதும் பந்து விளையாட்டுகளைச் சார்ந்தவை. ஓட்டத்தின் நிலைமை இதைவிடக் கடினம் என்றே நான் கருதுகிறேன். நிமிடத்துக்கு 165 அடி என்று கொண்டால், அரை மணி நேர ஓட்டத்தில் ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 2,500 முறை தரையில் பதிகிறது. ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசையைத் தாங்குகிறது. கால்பந்தாட்டக்காரரின் கவனத்தைப் பந்தும் எதிராளியும் இழுத்துக்கொள்கின்றன. ஓடுபவரின் கவனத்துக்கு வெளியே வேலை இல்லாததால் அது காயம்பட்ட இடத்தையே சுற்றிவருகிறது. இதற்கு உடலும் விலை கொடுக்கக்கூடும். லிண்டா ஷுக்கர் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள் ஒரே வேகத்தில் ஓடியபோதும், சுற்றுப்புறத்தைக் கவனித்த வேளையைவிடத் தம் கால் அசைவையோ மூச்சையோ கவனித்த வேளையில் அதிக ஆக்சிஜனைச் செலவிட்டனர். அவர்கள் காயமில்லாதவர்கள். காயம்பட்டவரின் முதல் ஓட்டங்கள் அவ்வளவு களைப்பூட்டுவதற்கு, குறைந்துபோன உடல்தகுதியோடு இந்த இடையறாத கண்காணிப்பும் காரணமாகலாம்.

வலி அச்சத்தை வளர்க்க, அச்சம் அசைவைத் தவிர்க்கச் செய்ய, தவிர்ப்பால் தசை நலிந்து வலி நிலைபெறும் சுழற்சியை யோஹான் விளாயனும் ஸ்டீவன் லின்டனும் 2000இல் விரிவாக விளக்கினர். முதுகுவலிக்காரர்களுக்கு இது நன்கு பொருந்துகிறது. ஓட்டக்காரர்களிடம் இதற்கு நேர்மாறான இன்னொரு வகையினரும் உண்டு. ஓட்டத்தையே தம் முழு அடையாளமாக்கிக்கொண்டவர்கள் அவர்கள். பிரிட்டன் புரூவர் குழுவினர் 1993இல் இந்த அடையாளத்தை அளக்கும் கருவியை முன்வைத்தபோதே, அது வலிமையாகவும் பலவீனமாகவும் அமையலாம் என்று எச்சரித்தனர். இவ்வகை ஓட்டக்காரர்கள் வலியை மறைத்து ஓடுவார்கள். சுற்றியிருப்போர் அதையே வீரம் என்பார்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 400 மீட்டர் அரையிறுதியின் நடுவே பின்தொடைத் தசை கிழிந்த டெரெக் ரெட்மண்ட், தந்தையின் தோளைப் பற்றியபடி எல்லைக்கோட்டைக் கடந்த காட்சி எவரையும் கலங்கவைக்கும். தந்தையும் மகனும் பகிர்ந்துகொண்ட துயரம் அது. மீள்வதற்கான பாடமாக அதைக் காட்டுவது பிழை.

ஓட அஞ்சுபவரும் வலியை மறைத்து ஓடுபவரும் வலியைத் தவறாகப் படிக்கிறார்கள். ஆகவே கற்பிக்க வேண்டியது வலியைப் படிக்கும் திறனை. அதைக் கற்பிக்க முடியும் என்பதைக் கரின் சில்பர்னாகல் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நாள்பட்ட குதிகால் தசைநாண் வலி உள்ளவர்களில் ஒரு பிரிவினர் சிகிச்சைக் காலத்திலும் ஓட அனுமதிக்கப்பட்டனர். பத்துக்கு ஐந்து வரை வலி இருக்கலாம். மறுநாள் காலைக்குள் அது தணிய வேண்டும். வாரத்துக்கு வாரம் கூடக்கூடாது. ஓட்டத்தை நிறுத்தியிருந்தவர்களைவிட இவர்கள் பின்தங்கவில்லை. இந்த விதி தசைநாணுக்கு உரியது. தொடையெலும்பின் கழுத்துப் பகுதியில் அழுத்த முறிவு உள்ளவர் இதைக் கடைப்பிடித்தால் பெருங்கேடு நேரும். அங்கே வலி வந்தால் உடனே நிறுத்த வேண்டும். எந்தத் திசுவில் காயம் என்பதைப் பொறுத்தே அச்சம் நியாயமானதா என்று சொல்ல முடியும்.

தன்திறன் நம்பிக்கையின் ஊற்றுகளில் நேரடி அனுபவமே வலியது, பிறர் சொல்லும் ஊக்கமொழி அதனினும் மெலியது என்று ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதினார். இதிலிருந்து ஒரு நடைமுறை பிறக்கிறது. ஒரு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என்று தொடங்குபவர், ஓடுவதற்கு முன்பே தம் கணிப்பை எழுதிவைக்கட்டும்: எந்த நிமிடத்தில் வலி வரும், எவ்வளவு இருக்கும், நாளைக் காலை எப்படி இருக்கும். பிறகு நடந்ததை அதன் பக்கத்திலேயே எழுதட்டும். கணிப்பும் நிகழ்வும் திரும்பத் திரும்ப முரண்படும்போது அச்சம் தானாகத் தளரும். இரண்டும் ஒத்துப்போனால் அந்த அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது. அவரை மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. சீனத் தடை ஓட்டக்காரர் லியு ஷியாங் 2004 ஏதென்ஸில் தங்கம் வென்றவர். 2006இல் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் 12.88 விநாடி என்ற உலக சாதனை படைத்தவர். 2008 ஆகஸ்ட் 18 அன்று பெய்ஜிங்கில், சொந்த நாட்டு மக்கள் நிறைந்த அரங்கிலிருந்து, வலது குதிகால் வலியால் ஓடாமலே வெளியேறினார். நடிக்கிறார் என்று ஏசியவர்களும் இருந்தனர். அறுவைச் சிகிச்சை முடித்து 2009 செப்டம்பரில் ஷாங்காயில் 13.15 விநாடியில் ஓடினார். பின்னர் முதல் தடை வரை வைக்கும் எட்டு அடிகளை ஏழாக மாற்றித் தம் ஓட்டத்தையே புதிதாக அமைத்துக்கொண்டார். 2012 ஜூனில் யூஜீனில் 12.87, காற்றின் துணை வரம்பை மீறியதால் அது சாதனைக் கணக்கில் சேரவில்லை. இரண்டே மாதத்தில், லண்டனில், முதல் தடையிலேயே அதே வலது காலின் தசைநாண் அறுந்தது. ஒற்றைக் காலில் தத்திப்போய்க் கடைசித் தடையை முத்தமிட்டு வெளியேறினார். அவர் உறுதியற்றவர் என்று யாரால் சொல்ல முடியும்? நம்பிக்கை வேகத்தை மீட்டுத் தரக்கூடும். நலிந்த தசைநாணைக் காக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. மனப்பயிற்சியை மறுகாயத்துக்கு எதிரான கவசமாக விற்பவர்களை நம்ப வேண்டியதில்லை.

பயிற்சிக்குத் திரும்புவது, போட்டிக்குத் திரும்புவது, பழைய திறனை எட்டுவது ஆகியவற்றைத் தனித்தனிப் படிகளாகவே 2016இல் வெளியான பெர்ன் கருத்தொருமிப்பு அறிக்கை வகுத்தது. ஆகவே ‘இனி ஓடலாம்’ என்று எழுதிக்கொடுக்கும் மருத்துவர்களும் இயன்முறை மருத்துவர்களும் மாதக் கணக்கையும் தசை வலிமையையும் மட்டும் பார்த்துக் கையெழுத்திட வேண்டாம். முதல் ஓட்டத்தில் என்ன நேரும் என்று காயம்பட்டவர் எதிர்பார்க்கிறார் எனக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலையும் மருத்துவக் குறிப்பில் எழுதுங்கள்.