இயங்காத பழைய கணினியை மீட்டல்

இயங்காத பழைய கணினியை மீட்டல் என்பது, மின்னிணைப்பு கொடுத்தும் இயங்குதளம் வரை சென்று சேராத கணினியின் பழுதைக் கண்டறிந்து, அதனை மீண்டும் இயங்கச் செய்வது அல்லது அதிலுள்ள கோப்புகளை மட்டும் வெளியே எடுப்பது ஆகும். இவை இரண்டும் வெவ்வேறு பணிகள். தாய்ப்பலகை பழுதடைந்த கணினியிலும் வன்தட்டு நல்ல நிலையில் இருக்கக்கூடும். எனவே கோப்புகளைக் காப்பதே முதற்பணியாகக் கொள்ளப்படுகிறது.

பழுதை இனங்காணல்

கணினிக்கு மின்சாரம் கிடைத்ததும் தாய்ப்பலகையிலுள்ள பயாஸ் என்னும் மென்பொருள் முதலில் இயங்கி, நினைவகம் முதலிய உறுப்புகளைச் சோதிக்கிறது. பின்னர் வன்தட்டின் முதற்பகுதியைப் படித்து இயங்குதளத்தைத் தொடங்குகிறது. இவ்வரிசையில் கணினி எங்கு நிற்கிறது என்பது பழுதின் இடத்தைக் காட்டும்.

* விளக்கும் விசிறியும் இயங்காவிடில்: மின்கம்பி, மின்வழங்கி அல்லது தாய்ப்பலகை.
* விசிறி சுழன்றும் திரை இருண்டிருந்தால்: பெரும்பாலும் நினைவகம் அல்லது வரைகலை அட்டை. அப்போது எழும் 'பீப்' ஒலிகளின் பொருள் பயாஸ் தயாரிப்பாளருக்கு ஏற்ப மாறும்.
* பயாஸ் திரையிலேயே நின்றால்: வன்தட்டு இணைப்பு அல்லது பயாஸ் அமைப்புகள்.
* இயங்குதளம் பாதியில் நின்றால்: கோப்புச் சிதைவு அல்லது வன்தட்டுப் பழுது.

காரணங்கள்

கடலோர ஊர்களின் உப்புக்காற்றும் ஈரப்பதமும் உலோக முனைகளை அரிக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தில் தேங்காய்ப்பட்டணம் கடற்கரைக்கு அருகிலுள்ள புதுக்கடை போன்ற ஊர்கள் இரு பருவமழைகளையும் பெறுவதால், பயன்படுத்தாமல் மூடி வைத்த கணினி அங்கு எளிதில் பழுதடையலாம்.

தாய்ப்பலகையில் உள்ள 3 வோல்ட் மின்கலம் (பெரும்பாலும் சிஆர்2032) சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். அப்போது நாளும் நேரமும் பயாஸ் அமைப்புகளும் அழிந்து, வன்தட்டு நன்றாக இருந்தும் கணினி தொடங்காமல் போகலாம். 2000களின் முற்பகுதியில் உருவான பல தாய்ப்பலகைகளில் தரமற்ற மின்தேக்கிகள் உப்பி வெடித்தன.

நச்சுநிரலும் காரணமாகலாம். செர்னோபில் எனப்படும் சிஐஎச் நச்சுநிரல் 1999 ஏப்ரல் 26 அன்று வன்தட்டின் முற்பகுதியை அழித்ததோடு, சில கணினிகளின் பயாசையும் அழித்தது.

மீட்கும் முறை

1. மின்னிணைப்பைத் துண்டித்து, தூசியை அகற்றி, மின்கலத்தை மாற்ற வேண்டும்.
2. நினைவக அட்டையைக் கழற்றி, அதன் முனைகளைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து மீண்டும் பொருத்த வேண்டும்.
3. இன்றியமையாத உறுப்புகளை மட்டும் இணைத்துச் சோதித்து, மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்.
4. வன்தட்டிலுள்ள இயங்குதளம் தொடங்காவிடில், குறுந்தட்டிலிருந்தோ யுஎஸ்பியிலிருந்தோ நேரடியாக இயங்கும் லினக்ஸைப் பயன்படுத்திக் கோப்புகளைப் படியெடுக்கலாம். மிகப் பழைய கணினிகள் யுஎஸ்பியிலிருந்து தொடங்குவதில்லை. அவற்றுக்குக் குறுந்தட்டு தேவை.
5. தாய்ப்பலகை பழுதெனில், வன்தட்டைக் கழற்றி ஐடிஇ அல்லது சாட்டா மாற்றி மூலம் வேறு கணினியில் இணைக்கலாம்.

மீண்டும் இயங்குதளம் நிறுவும்போது செயலியின் வகையைக் கருத வேண்டும். 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவுவதற்கான வசதி 2023இல் வெளியான டெபியன் 12 வரையே உண்டு. 2025இல் வெளியான டெபியன் 13இல் அவ்வசதி நீக்கப்பட்டது.

எச்சரிக்கை

கோப்புகளைப் படியெடுக்கும் முன் வன்தட்டை வடிவமைப்பதோ இயங்குதளத்தை மீண்டும் நிறுவுவதோ கூடாது. வன்தட்டில் 'டக் டக்' என்ற ஒலி எழுந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தரவிழப்பு கூடக்கூடும். மின்வழங்கிப் பெட்டியைத் திறத்தல் ஆகாது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் எஞ்சியிருக்கும்.