பெரிக் கோயிலின் மரியாள்

தென் இங்கிலாந்தில், ஸஸெக்ஸ் குன்றுகளின் அடிவாரத்தில் பெரிக் என்று ஒரு சிறு கிராமம். அதன் கோயில் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சக்கிமுக்கிக் கல் சுவர், சின்ன கோபுரம், சுற்றிலும் கல்லறைகள். ஆயிரத்தில் ஒன்று என்றுதான் நினைப்போம். உள்ளே காலெடுத்து வைத்ததும் அந்த நினைப்புப் போய்விடும். சுவரெல்லாம் வர்ணம்! யுத்தத்தில் ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கி, பிறகு வெறும் கண்ணாடியே பதித்திருப்பதால் வெளிச்சத்துக்கும் குறைவில்லை.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது சிசெஸ்டர் பிஷப்பாக இருந்தவர் ஜார்ஜ் பெல். சித்திரக் கலை மறுபடி கோயிலுக்குள் வரவேண்டும் என்பது அவர் ஆசை. பக்கத்தில் சார்ல்ஸ்டன் பண்ணை வீட்டில் வசித்த டங்கன் கிராண்டிடம் வேலையை ஒப்படைத்தார். உடன் சேர்ந்தவர்கள் வனெஸ்ஸா பெல்லும் அவர் மகன் குவென்டினும். பெயர்தான் ஒன்று, பிஷப்புக்கு இவர்கள் உறவில்லை. வேடிக்கை என்னவென்றால், டங்கனுக்கும் வனெஸ்ஸாவுக்கும் தெய்வ நம்பிக்கையே கிடையாது. போதாததற்கு, டங்கன் முதல் யுத்தத்தில் ஆயுதம் எடுக்க மறுத்தவர். எதிர்ப்புக் கிளம்பாமல் இருக்குமா? 1941-ல் விவகாரம் திருச்சபை நீதிமன்றம் வரை போயிற்று. தேசிய ஓவியக் கூடத்தின் தலைவர் கென்னத் கிளார்க் ஓவியர்களை ஆதரித்தார், அனுமதி கிடைத்தது. குண்டு விழுந்தால் சுவரோடு சித்திரமும் போய்விடுமே என்று, தனிப் பலகைகளில் எழுதிப் பொருத்தினார்கள்.

தேவதூதன் மரியாளுக்குச் சேதி சொல்லும் சித்திரம் வனெஸ்ஸா எழுதியது. அதன் முன்னால் சற்று நிற்கத்தான் வேண்டும். வனெஸ்ஸாவின் மூத்த மகன் ஜூலியன், ஸ்பெயின் உள்நாட்டு யுத்தத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டப் போய், 1937-ல் இருபத்தொன்பது வயதில் மாண்டான். தங்கை வர்ஜீனியா உல்ஃப், நாவல் படிக்கும் நமக்கெல்லாம் தெரிந்தவர், 1941 மார்ச்சில் ஊஸ் நதியில் இறங்கி உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தத் துக்கம் ஆறுமுன்பே வந்த வேலை இது. பிள்ளை பிறக்கப் போகிறது என்ற நற்செய்தியைக் கேட்கும் மரியாளாக வனெஸ்ஸா உட்கார வைத்தது தம் மகள் ஆஞ்செலிகாவை! இன்னொரு சித்திரத்தில், ஸஸெக்ஸ் வைக்கோல் கொட்டகையில் குழந்தை இயேசு பிறக்கிறார். ஒவ்வொரு சேதிக்கும் நடுங்கிக்கொண்டிருந்த எத்தனையோ தாய்மார்கள் அந்த நாட்களில் இதைப் பார்த்திருப்பார்கள். பிஷப் அந்த அம்மையாரின் நம்பிக்கையை விசாரிக்காமல் கையை நம்பினாரே, அது சரியென்றே எனக்குப் படுகிறது.

பலிபீடத்துக்கு முன்னுள்ள வளைவின்மேல் டங்கன் எழுதிய கிறிஸ்து வீற்றிருக்கிறார். கீழே ஒரு பக்கம் பிஷப்பும் பாதிரியாரும். மறுபக்கம் ஒரு சிப்பாய், ஒரு மாலுமி, ஒரு விமானப்படை வீரன். மூவரும் அந்தப் பக்கத்து இளைஞர்களைப் பார்த்து எழுதியவை. 1943 அக்டோபரில் பிரதிஷ்டை நடந்தது. அடுத்த ஆண்டு அந்தச் சிப்பாய் போரில் இறந்தான். ஞாயிறுதோறும் ஊரார் அவன் முகத்தை எதிர்நோக்கித்தான் உட்கார்ந்து ஜெபித்தார்கள்.