வார இறுதி வானொலி: லண்டன் செய்திமடல் முதல் ‘மனதின் குரல்’ வரை – காடாம்புலியூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே 3 அன்று தொடங்கியது. அன்று சனிக்கிழமை. அதன் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று நின்றது. அன்று ஞாயிற்றுக்கிழமை. கிழமைகள் இப்படி அமைந்தது தற்செயல்தான். ஆனால் அந்த ஒலிபரப்பு வாரம் ஒருமுறை மட்டும் வரும் செய்திமடலாகத் தொடங்கியது தற்செயல் அல்ல. நாட்டு நடப்பு, கலை இலக்கியம், தனிமனித அனுபவம் மூன்றையும் ஒரே அமர்வில் கேட்கத் தரும் வாராந்தர நிகழ்ச்சி தமிழில் முதலில் வேரூன்றியது சென்னையிலோ திருச்சியிலோ அல்ல, போர்க்கால லண்டனில். உள்நாட்டு வானொலி இந்த மூன்றையும் கையாளாமல் இல்லை. மூன்றையும் மூன்று அறைகளில் வைத்துத் தனித்தனியே கையாண்டது. அந்தச் சுவர்கள் எப்படி எழுந்தன, பண்ருட்டி–வடலூர் சாலையிலுள்ள காடாம்புலியூர் போன்ற ஊரின் நேயர் அவற்றை எப்படித் தாண்டினார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தமிழகத்தில் வானொலி ஆர்வலர்களின் முயற்சியாகவே பிறந்தது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று அமைத்த சென்னை மாகாண வானொலி மன்றம் 1924இல் ஒலிபரப்பைத் தொடங்கி, பணமுடையால் 1927இல் கையை விரித்தது. 1930 ஏப்ரலில் சென்னை மாநகராட்சி பொறுப்பேற்றது. மாலை நேரத்தில் கச்சேரி, ஞாயிறு காலையில் இசைத்தட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமும் கதையும் என்று அது ஓடியது. வார இறுதிக்கென்று தனி நேரம் ஒதுக்கும் வழக்கம் தமிழகத்தில் அப்போதே இருந்தது என்பது கவனிக்க வேண்டியது. ஆனால் அது நகரத்து வானொலி. காடாம்புலியூர் இருக்கும் தென்னார்க்காட்டின் செம்மண் மேட்டுக்கு அதன் ஓசை எட்டவில்லை.

அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கின. வரைபடத்தில் பார்த்தால் காடாம்புலியூர் இந்த இரண்டுக்கும் நடுவே கிடக்கிறது. இரண்டும் கேட்கும், இரண்டுமே அருகில் இல்லை. 1967 செப்டம்பரில் புதுச்சேரி நிலையம் வந்த பிறகுதான் வான்வழியில் ஐம்பது கிலோமீட்டருக்குள் ஒரு நிலையம் வாய்த்தது. இடைப்பட்ட இருபத்தெட்டு ஆண்டுகளில் இவ்வட்டாரத்துக் காது எந்த நிலையத்துக்கும் சொந்தமில்லாமல் வளர்ந்தது. பிற்காலத்தில் பல நிலையங்களைக் கலந்து கேட்கும் பழக்கத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன்.

இனி லண்டன். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கு இந்தியச் சிப்பாய்களும் இந்தியரின் நம்பிக்கையும் தேவைப்பட்டன. அச்சு நாடுகளின் வானொலிகளும் இந்தியர்களை நோக்கிப் பேசிக்கொண்டிருந்தன. இந்தி ஒலிபரப்பு 1940இல் வந்தது, தமிழ் அடுத்த ஆண்டு. வாரம் ஒருமுறை என்ற கட்டுப்பாடு ஒரு வடிவத்தை ஈன்றது. அன்றாடச் செய்தி ஆறு நாளில் ஊசிப்போகும். ஆகவே வாராந்தர ஒலிபரப்பாளர் நடந்ததைச் சொல்வதோடு நிற்க முடியாது. அது ஏன் நடந்தது, அதைக் கண்டவர் என்ன நினைத்தார், லண்டன் தெருவில் வாழ்க்கை எப்படிப் போகிறது என்றெல்லாம் ஒரு கடிதக்காரரின் குரலில் பேசியாக வேண்டும். 1941 ஆகஸ்டில் பிபிசியின் கிழக்குப் பிரிவில் சேர்ந்து 1943 நவம்பரில் விலகிய ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய வாராந்தரச் செய்தி விமர்சனங்கள் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பெயர்க்கப்பட்டு வாசிக்கப்பட்டன. அதே ஆர்வெல் 1942இல் இந்திய நேயர்களுக்காக ஆங்கிலத்தில் ‘வாய்ஸ்’ என்ற பெயரில் ஓர் இலக்கிய இதழையே காற்றில் நடத்திப் பார்த்தார். பிரச்சாரத்துக்குத் திறந்த கதவு வழியாக இலக்கியமும் நுழைந்துகொண்டது. இதைப் பிரிட்டிஷ் தாராள மனம் என்று புகழ வேண்டியதில்லை. கேட்பவரைப் பிடித்து வைக்க வேறு வழி அவர்களிடம் இல்லை.

போருக்குப் பின் அந்தச் செய்திமடலை நேயர்களின் நிகழ்ச்சியாக மாற்றியதில் சோ. சிவபாதசுந்தரத்தின் பங்கு பெரிது. யாழ்ப்பாணத்துக் கரம்பொன்னில் பிறந்து, ‘ஈழகேசரி’ ஆசிரியராக இருந்து, இலங்கை வானொலிக்கு வந்தவர். 1940களின் இறுதியில் லண்டனில் பணியாற்றியபோது பாரதியின் பாட்டிலிருந்து ‘தமிழோசை’ என்ற பெயரை எடுத்துச் சூட்டினார். பிறகு ‘ஒலிபரப்புக் கலை’ என்ற நூலையும் எழுதினார். மேடைப்பேச்சு ஆயிரம் பேரை நோக்கியது, வானொலிப் பேச்சு வீட்டில் தனியே இருக்கும் ஒருவரை நோக்கியது. இந்த வேறுபாட்டைத் தொழிலாகப் பயின்ற முதல் தமிழர் வரிசையில் அவருக்கு இடமுண்டு. மேடைத் தமிழ் கொடிகட்டிப் பறந்த காலத்தில் இது எதிர்நீச்சல்தான். ஏறக்குறைய அதே காலத்தில், 1946இல், அலிஸ்டர் குக் அமெரிக்காவிலிருந்து வாரம் ஒரு கடிதம் என்று தொடங்கி 2004 வரை பேசினார். ஆங்கில உலகம் அதைக் காவியமாகக் கொண்டாடுகிறது. தமிழில் அதே வடிவத்தில் உழைத்தவர்களின் பெயர்கூட நம் ஊடக வரலாற்று நூல்களில் அடிக்குறிப்பைத் தாண்டுவதில்லை.

தமிழோசை பின்னாளில் வார நிகழ்ச்சி என்ற நிலையைக் கடந்து, இந்திய நேரம் இரவு 9.15க்கு அன்றாட அரைமணி நேரமாக வளர்ந்தது. வடிவம் மட்டும் பழைய கடிதத்தின் வாசனையை விடவில்லை. முதலில் செய்தி, பிறகு பேட்டி, பிறகு ஒரு பெட்டகம். தமிழ்த் திரையிசையின் வரலாற்றைச் சொன்ன ‘பாட்டொன்று கேட்டேன்’ தொடரும் ஈழப் போர்க்களச் செய்தியும் ஒரே அலைவரிசையில் வந்தன. தயாரிப்பாளர் ஆனந்தி சூரியப்பிரகாசத்தை நேயர்கள் ‘ஆனந்தி அக்கா’ என்றே கடிதங்களில் விளித்தார்கள். தில்லியிலிருந்து செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியின் குரல் தமிழகம் முழுக்கப் பழக்கம். ஆனால் அவரை யாரும் அக்கா என்று அழைக்கவில்லை. அவர் வாசித்தது அறிக்கை, இவர் பேசியது உரையாடல்.

அகில இந்திய வானொலியின் அமைப்பு இதற்கு இடம் தரவில்லை. செய்தி தனிப் பிரிவு, அதன் தலைமை தில்லியில். பேச்சு, நாடகம், இசை, மகளிர், சிறுவர், கிராமம் ஒவ்வொன்றுக்கும் தனி அலுவலர், தனி நேரம், தனி ஒப்பந்தப் படிவம். எழுத்தாளர் உரையாற்ற வேண்டுமானால் எழுதியதை முன்கூட்டியே கொடுத்து ஒப்புதல் பெற்று அதைப் படிக்க வேண்டும். சிட்டி, தி. ஜானகிராமன், அகிலன் போன்றவர்கள் வானொலியில் வேலை பார்த்தார்கள். தமிழின் நல்ல உரைநடைக்காரர்களில் ஒரு பகுதியினர் அரசுச் சம்பளத்தில் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். அப்படியிருந்தும் அன்றைய அரிசித் தட்டுப்பாட்டையும் ஒரு சிறுகதையையும் ஒரே அரைமணியில் அடுத்தடுத்து வைக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

விதிவிலக்கு கிராம நிகழ்ச்சி. 1956இல் யுனெஸ்கோ துணையுடன் பூனா வட்டாரத்தின் 150 கிராமங்களில் உழவர்களைக் கூட்டிவைத்துக் கேட்கச்செய்து, கேட்டதை விவாதிக்கவும் விட்டுச் சோதனை நடத்தினார்கள். அதன் வெற்றியால் 1959இல் பண்ணை வானொலி மன்றங்கள் நாடு முழுக்க விரிந்தன. தமிழகத்தில் இந்த வழியில் ‘வயலும் வாழ்வும்’ நிலைத்தது. 1960களின் நடுவில் ஆடுதுறை 27 நெல் ரகத்தைத் திருச்சி வானொலி விடாமல் எடுத்துச்சொல்ல, தஞ்சை உழவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இந்நிகழ்ச்சியில்தான் உழவர் தன் வாயால், தன் பேச்சுவழக்கில், தன் கதையைச் சொன்னார். வேளாண்மை படித்துவிட்டு இப்பிரிவில் பணியாற்றிய தென்கச்சி கோ. சுவாமிநாதன் பின்னர் ‘இன்று ஒரு தகவல்’ மூலம் தமிழகம் எங்கும் அறியப்பட்டார். கடலூரை ஒட்டிய அரியலூர் மாவட்டத்து ஊர்க்காரர் அவர். ஒரு சின்னக் கதை, அதில் ஒரு சிரிப்பு, கடைசியில் ஒரு தட்டு. அந்த நடை பண்ணைப் பிரிவில் உழவரோடு பேசிப் பழகியது. பேச்சுப் பிரிவிலிருந்து அப்படியொருவர் வந்திருக்க முடியாது.

கொழும்பு வேறு திசையில் போனது. இலங்கை வானொலியின் ‘இசையும் கதையும்’ நேயர் எழுதிய கதையைத் திரைப்பாடல்களோடு கோத்துத் தந்தது. சொந்தச் சோகம், காதல் தோல்வி, பிரிவு எல்லாம் அதில் ஓடின. பாடலுக்குப் பொருந்தக் கதை வளைந்ததும் உண்டு. இலக்கியத் தரம் பேசுவோர் முகம் சுளித்தாலும், முகம் தெரியாத நேயரின் வாழ்க்கையை ஒலிபரப்பத் தகுந்த பொருளாக ஏற்றது அந்த நிகழ்ச்சிதான்.

காடாம்புலியூர் வட்டாரத்தில் இவையெல்லாம் ஒரே பெட்டியில் வந்து சேர்ந்தன. முதலில் பஞ்சாயத்து ரேடியோ. ஊர் நடுவே ஓர் அறை, கூரைமேல் கூம்பு ஒலிபெருக்கி, மாலையில் வந்து திறந்துவைக்கும் ஆள். அங்கே குமிழ் அரசின் கையில் இருந்தது. டிரான்சிஸ்டர் வந்தபின் குமிழ் நேயரின் கைக்கு மாறியது. 1980களின் நடுப்பகுதி வரை ரேடியோவுக்கு உரிமம் வேண்டும். அஞ்சலகத்தில் ஆண்டுக்கொருமுறை பணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் முத்திரை போட்டுக்கொண்டு வருவார்கள். சிற்றலை இழுக்காவிட்டால் செம்புக் கம்பியை முற்றத்துப் பூவரசில் கட்டுவது, தீரப்போகும் பேட்டரிக் கட்டையை வெயிலில் காயவைத்து இன்னும் ஓரிரு நாள் ஓட்டுவது எல்லாம் வீட்டுக்கு வீடு தெரிந்த வித்தை. ஞாயிறு என்றால் பகலில் ‘பாப்பா மலர்’, திரைப்பட ஒலிச்சித்திரம், இடையிடையே கொழும்பு, இரவு லண்டன். 1963இல் தொடங்கிய பீக்கிங் தமிழ் ஒலிபரப்பையும் மணிலாவின் வேரித்தாஸ் வானொலியையும் கேட்டு, கடிதம் எழுதி, பதிலுக்கு நாட்காட்டி வாங்கியவர்களும் உண்டு. நாட்டு நடப்பு, கலை இலக்கியம், தனிமனித அனுபவம் என்று தில்லி தனித்தனியாகப் பிரித்துவைத்த மூன்றையும் குமிழைத் திருகி ஒன்றாக்கிக்கொண்டார் இந்த நேயர். வார இறுதிக் கதம்ப நிகழ்ச்சிக்கு இவ்வூரில் தயாரிப்பாளர் என்று ஒருவர் இருந்தார் என்றால் அது அவர்தான்.

இந்தப் பலா–முந்திரிக் காட்டில் வானொலி இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்குத் தொழிலும் ஒரு காரணம். முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்ணுக்கு இரண்டு கையும் வேலையில், கண் கொட்டையில். ஓட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும், பருப்பு உடைந்தால் விலை குறையும். மிச்சமிருப்பது காது மட்டும். தொலைக்காட்சி கண்ணைக் கேட்டது. ரேடியோ கேட்கவில்லை.

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அலைவரிசை பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. தனியார் பண்பலை வந்தது. 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி வந்தது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் திறந்தது. செய்தி மட்டும் திறக்கவில்லை. தனியாரும் சமுதாய வானொலியும் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது, அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்துப்போடலாம் என்று பின்னர் அனுமதித்ததோடு சரி. ஆகவே பண்பலையில் பாட்டும் நேயரின் சொந்தக் கதையும் பெருகின, நாட்டு நடப்பு மௌனமானது. 1941இல் வாரத்துக்கு ஒருமுறை லண்டன் செய்த காரியத்தை 2006இல் இந்தியத் தனியார் நிலையம் ஒன்று உள்ளூரில் செய்திருந்தால் உரிமம் பறிபோயிருக்கலாம்.

இதற்கிடையில் 2014 அக்டோபரில் பிரதமரின் ‘மனதின் குரல்’ தொடங்கி, மாதத்தின் கடைசி ஞாயிறு என்று நிலைபெற்றது. நாட்டு நடப்பு, பண்பாடு, எங்கோ ஒரு சிற்றூரின் சாதனையாளர் கதை என மூன்றும் ஒரே அமர்வில் வருகின்றன. அகில இந்திய வானொலி எழுபத்தைந்து ஆண்டுகளாகக் கலக்க மறுத்ததைக் கலந்தது அரசின் தலைமையே. பேசுபவர் ஒருவர்தான் என்பதே இதற்கும் தமிழோசைக்கும் உள்ள தூரம். கடிதம் எழுதும் நேயர் இங்கும் உண்டு, அவர் குறுக்கே கேள்வி கேட்பதில்லை.

காடாம்புலியூர் அடங்கிய கடலூர் மாவட்டத்துக்கு, தனியார் வானொலி மீதான செய்தித் தடை ஏட்டளவு விவகாரம் அல்ல. 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலையில் ஆழிப்பேரலை கடலோரத்தை அடித்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறி, பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. அதே 2011இல் வெளியான பண்பலைக் கொள்கை சில தகவல்களைச் ‘செய்தி அல்லாதவை’ என்று பட்டியலிட்டு அனுமதிக்கிறது. வானிலை, போக்குவரத்து, உள்ளூர் விளையாட்டு வருணனை, திருவிழா, தேர்வு முடிவு, மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம் பற்றிய உள்ளூர் நிர்வாக அறிவிப்பு ஆகியவை அதில் அடங்கும். அதன்படி, புயல் வருகிறது என்று ஒரு தனியார் நிலையம் சொல்லலாம். விழுந்த முந்திரி மரத்துக்கு அறிவித்த நிவாரணம் ஏன் வந்து சேரவில்லை என்று அதே நிலையம் விசாரித்துச் சொன்னால் அது செய்தியாகிவிடும்.