டிஎன்ஏஏ: வழக்கு நின்னுடுச்சு, ஆனா முடிஞ்சிடுச்சா?

2023 செப்டம்பர் 4. துணைப் பிரதமர் டத்தோஸ்ரீ அஹ்மட் சாஹிட் ஹமிடி மீதான 47 குற்றச்சாட்டுகளும் ஒரே நாளில் நின்றுபோயின. யாயாசான் அகால்பூடி அறநிறுவனத்தின் பணம் தொடர்பான நம்பிக்கை மோசடி, லஞ்சம், சட்டவிரோதப் பணமாற்றம் ஆகிய குற்றச்சாட்டுகள் அவை. எல்லாவற்றையும் அவர் மறுத்திருந்தார். அன்று உங்கள் போனுக்கு வந்த செய்தியில் 'டிஎன்ஏஏ' என்ற சொல் இருந்திருக்கும். "பெரிய ஆளுன்னா தப்பிச்சிடுவாங்க, அவ்ளோதான்" என்று வாட்சப் குழுவில் யாராவது போட்டிருப்பார்கள். நீங்களே போட்டிருக்கலாம்.

கோபம் நியாயம்தான். ஆனா அது பெரும்பாலும் நீதிபதி மேல போய் விழுது. அங்கேதான் சிக்கல்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். டிஎன்ஏஏ என்றால் விடுதலைக்குச் சமமாகாத விடுவிப்பு. விடுதலை கிடைத்தவர் மீது அதே குற்றத்தை மறுபடி சுமத்த முடியாது. விடுவிப்பு மட்டும் கிடைத்தவரை மறுபடி நீதிமன்றத்துக்குக் கொண்டுவரலாம். சாட்சிகள் ஏற்கெனவே பேசியிருந்தால், வழக்கு நின்ற இடத்திலிருந்தே தொடரவும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. அப்போ கேஸ் குளோஸ் ஆகல. ஆனா திறக்கிற சாவி யார்கிட்ட?

சாஹிட் வழக்கில் 99 அரசுத் தரப்புச் சாட்சிகள் பேசி முடித்திருந்தார்கள். 2022 ஜனவரியிலேயே, 47 குற்றச்சாட்டுகளுக்கும் முதல்நோக்கில் ஆதாரம் உண்டு என்று சொல்லி, எதிர்வாதம் செய்ய உத்தரவிட்டிருந்தார் உயர் நீதிமன்ற நீதிபதி. பிறகு வழக்கை நிறுத்தச் சொன்னது அரசுத் தரப்பு. மேல்விசாரணை தேவை என்பது உட்பட 11 காரணங்கள் கொடுத்தது. வழக்கை நடத்த மாட்டேன் என்று அரசுத் தரப்பு சொல்லிவிட்டால், நடத்தித்தான் ஆகணும் என்று நீதிபதி பிடித்துவைக்க முடியாது. விடுவிப்பா, முழு விடுதலையா என்பது மட்டுமே அவர் கையில். தற்காப்புத் தரப்பு கேட்டது முழு விடுதலை. அதை அவர் தரவில்லை.

சாவி இருப்பது சட்டத்துறைத் தலைவரிடம். கூட்டரசு அரசமைப்பின் 145ஆவது விதி, வழக்கைத் தொடங்க, நடத்த, நிறுத்த அவருக்கு அதிகாரம் தருகிறது. அவரேதான் அரசாங்கத்தின் சட்ட ஆலோசகரும். அவரை மாமன்னர் நியமிக்கிறார், பிரதமரின் ஆலோசனைப்படி. ஒரு அமைச்சர் மீது வழக்குப் போடுவதா என்று முடிவு செய்பவர், அந்த அமைச்சர் இருக்கும் அரசாங்கத்துக்கே வக்கீல். படிக்கும்போதே நெருடுது இல்லையா?

இது ஏட்டில் மட்டும் உள்ள சிக்கல் இல்லை. 2015 ஜூலையில், 1எம்டிபி விசாரணை சூடாக நடந்துகொண்டிருந்தபோது, சட்டத்துறைத் தலைவராக இருந்த அப்துல் கனி பட்டாயில் பதவியிலிருந்து எடுக்கப்பட்டார். உடல்நலம் காரணம் என்று சொல்லப்பட்டது. அவருக்குப் பின் வந்த முகமட் அபாண்டி அலி, 2016 ஜனவரியில் அன்றைய பிரதமர் நஜிப் மேல் குற்றம் எதுவும் இல்லை என்று அறிவித்தார். அவர் மூடிய கோப்புகளில் எஸ்.ஆர்.சி. நிறுவனத்தின் 4 கோடியே 20 லட்சம் ரிங்கிட் விவகாரமும் உண்டு.

2018 தேர்தலில் ஆட்சி மாறியது. சட்டத்துறைத் தலைவரும் மாறினார். அதே எஸ்.ஆர்.சி. பணத்துக்காக நஜிப் மீது வழக்கு வந்தது. 2020இல் 12 ஆண்டு சிறை, 21 கோடி ரிங்கிட் அபராதம். 2022 ஆகஸ்ட் 23 அன்று கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்ய, அன்றே அவர் காஜாங் சிறைக்குப் போனார். பணம் அதேதான், ஆளும் அதேதான். நாற்காலியில் உட்கார்ந்தவர்தான் வேறு.

அதே வழக்கில், 2024இல் தண்டனை 6 ஆண்டாகவும் அபராதம் 5 கோடி ரிங்கிட்டாகவும் குறைந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அது மன்னிப்பு வாரியத்தின் முடிவு, மேல்முறையீடு அல்ல. அந்த வாரியத்திலும் சட்டத்துறைத் தலைவருக்கு ஓர் இடம் உண்டு.

"அப்போ ஓட்டு போட்டு என்ன பிரயோஜனம்?" 18 வயதினர் முதன்முதலாக வாக்களித்த பொதுத்தேர்தல் 2022 நவம்பரில் நடந்தது. அதில் ஓட்டுப் போட்டவர்கள் பத்தே மாதத்தில் சாஹிட் செய்தியைப் படித்தார்கள். வெறுப்பு வராமல் எப்படி இருக்கும்? ஆனால் எஸ்.ஆர்.சி. கோப்பு மறுபடி திறந்ததும் ஒரு தேர்தலால்தான். இரண்டுமே உண்மை.

சட்டத்துறைத் தலைவரின் முடிவைத் தட்டிக் கேட்கவே முடியாது என்றும் இல்லை. மிக அரிதான சூழலில் நீதிமன்றம் அதை மறுஆய்வு செய்யலாம் என்று 2021இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லியது. நடைமுறையில் அந்தக் கதவு ரொம்பக் குறுகல்.

இன்னொரு வழி, வழக்குத் தொடுக்கும் அதிகாரத்தைத் தனிப் பதவியாகப் பிரிப்பது. வழக்கறிஞர்களும் சீர்திருத்தக் குழுக்களும் ரொம்ப நாளாகக் கேட்பது இது. இதற்கு அரசமைப்பைத் திருத்த வேண்டும். மக்களவையின் 222 உறுப்பினர்களில் 148 பேர் கைதூக்க வேண்டும். உங்கள் தொகுதி எம்.பி. யாருன்னு தெரியுமா? இதைப் பற்றி அவர் இதுவரை என்ன பேசியிருக்கிறார் என்பது நாடாளுமன்ற இணையத்தளத்தில் உள்ள ஹன்சார்ட் பதிவில் இருக்கும்.