எதில் வைப்பது, யார் படியெடுப்பது

தோழர் ஒருவர் இறந்தபிறகு அவர் வீட்டுப் பரணிலிருந்த ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி என் கைக்கு வந்தது. உள்ளே 63 ஒலிநாடாக்கள், 11 மினிடிவி கேசட்டுகள், ஷூ டப்பா நிறைய நெகட்டிவ்கள். கூலி உயர்வுப் போராட்டங்கள், தெருநாடகங்கள், எந்தப் பத்திரிகையும் கேட்டிராதவர்களின் வாக்குமூலங்கள். நண்பர்கள் சேர்ந்து எல்லாவற்றையும் டிஜிட்டலாக்கி ஒரே ஹார்ட் டிஸ்கில் போட்டோம். எட்டே மாதத்தில் அது டக்டக்கென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. நாடாக்கள் இருந்ததால் மறுபடி செய்தோம், இரண்டைத் தவிர. பூஞ்சை ஏறியிருந்த அவை முதல்முறை ஓட்டியபோதே அறுந்துபோயிருந்தன. அவற்றின் ஒரே பிரதி அந்த டிஸ்கில்தான் இருந்தது.

அதன்பிறகு எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எதுல போட்டு வச்சா ரொம்ப நாள் தாங்கும் தோழர்?" இந்தக் கேள்விக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. நினைவு என்பது ஒரு பொருளுக்குள் இருக்கிறது, சரியான பொருளை வாங்கிவிட்டால் நம் வேலை முடிந்தது என்கிற நம்பிக்கை. இதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம்.

1086இல் இங்கிலாந்தின் முதலாம் வில்லியம் எடுப்பித்த நிலக்கணக்கு தோலில் எழுதப்பட்டது. இன்றும் அதை வாசிக்க முடிகிறது. அதன் 900ஆம் ஆண்டையொட்டி 1986இல் பிபிசி ஒரு புதிய 'டூம்ஸ்டே' தயாரித்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்களித்த எழுத்தும் படங்களும் லேசர் வட்டுகளில் ஏற்றப்பட்டன. பதினைந்து வருடங்களுக்குள் அதை ஓட்டும் கருவி அரிதாகிவிட்டது. 2002இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பழைய கணினியைப் போலச் செய்யும் மென்பொருள் எழுதித்தான் அதை மறுபடி திறந்துகாட்டினார்கள். இங்கு கவனிக்கத்தக்கது, வட்டு கெடவில்லை என்பது. அதை வாசிக்கும் உலகம்தான் கலைந்துபோயிருந்தது.

ஆயிரம் வருடம் தாங்கும் வட்டு என்று மில்லெனியாட்டா என்ற அமெரிக்க நிறுவனம் ஒன்றை விற்றது. 2016இல் அந்த நிறுவனமே திவாலானது. 2025 பிப்ரவரியில் சோனி, பதிவுசெய்யக்கூடிய புளூரே வட்டுகளின் தயாரிப்பை நிறுத்தியது. பெரிய காப்பகங்கள் நம்புவது 2000இல் வந்த எல்டிஓ என்ற காந்த நாடாவை. நாடா முப்பது வருடம் தாங்கும் என்கிறார்கள். ஆனால் 2025இல் வந்த பத்தாம் தலைமுறைக் கருவி முந்தைய தலைமுறை நாடா எதையும் வாசிப்பதில்லை. இணையச் சேமிப்போ வாடகை வீடு. 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்கள், படங்கள் பெருமளவில் அழிந்துவிட்டதாக மைஸ்பேஸ் 2019இல் ஒப்புக்கொண்டது. ஹாலிவுட்டுக்கே இதில் திணறல்தான். அமெரிக்கத் திரைப்பட அகாதெமியின் 2007 அறிக்கைப்படி, ஒரு படத்தின் மூலத்தை ஃபிலிமாக வைத்திருக்க ஆண்டுக்கு 1,059 டாலர், டிஜிட்டலாக வைத்திருக்க 12,514 டாலர். ஃபிலிமைக் குளிர்ந்த அறையில் வைத்து மூடிவிடலாம். டிஜிட்டல் கோப்பை ஓயாமல் பார்த்துக்கொண்டும் படியெடுத்துக்கொண்டும் இருக்கவேண்டும்.

தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. சங்க காலத்து ஏடு ஒன்றுகூட நம்மிடம் கிடையாது. 1894இல் உ.வே.சா. புறநானூற்றைப் பதிப்பிக்கையில் கையிலிருந்தவை படிகளின் படிகளின் படிகள். ஓலை செல்லரிக்கும் என்பதை நம் முன்னோர் அறிவார்கள், அழியாத ஓலையை அவர்கள் தேடவில்லை. அழிவதற்குள் இன்னொருவர் எழுதினார். அந்த இன்னொருவர் யார், யாருக்காக எழுதினார் என்பதுதான் அதிகாரம் நுழையும் இடம். மடங்களும் கோயில்களும் வசதிபடைத்த வீடுகளும் எதைப் படியெடுத்தனவோ அது இலக்கியமானது. வளையாபதியும் குண்டலகேசியும் சில்லறைச் செய்யுள்களாக மட்டுமே மிஞ்சின. சமயக் காழ்ப்பு என்று மட்டும் இதை முடித்துவிட முடியாது, ஏனெனில் சமணக் காப்பியமான சிந்தாமணி தப்பியிருக்கிறது. எப்படித் தப்பியது? கும்பகோணத்துச் சமணர்கள் அதை விடாமல் படித்து வந்தார்கள். உ.வே.சா. பொருள் கேட்டுப் போனதும் அவர்களிடம்தான். வாசிக்கும் ஒரு சமூகம் இருந்தது, படி இருந்தது.

ஆவணக் காப்பகம் என்ற சொல்லின் கிரேக்க மூலம், ஆளும் நடுவர்களின் வீட்டைக் குறித்தது என்பதைத் தெரிதா 1994இல் லண்டன் உரையொன்றில் எடுத்துக்காட்டினார். அந்த வீட்டுக்கு வெளியே இருப்பவர்கள் தம் நினைவை ஒரே இடத்தில் குவிப்பதும் ஆபத்துதான். 1981இல் யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் ஓர் இரவில் எரிந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணையத் திட்டம் ஈழத்து எழுத்துகளை மின்வருடித் திறந்து வைத்திருப்பதை அந்த நெருப்புக்கான பதிலாகவும் வாசிக்கலாம்.

ஆகவே நாங்கள் செய்தது இது. ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாகவும் நெகட்டிவ்களை டிஃப் கோப்பாகவும் வைத்தோம். மினிடிவியில் இருப்பதே டிஜிட்டல் பதிவு என்பதால் உருமாற்றாமல் அப்படியே இறக்கினோம். எல்லாம் மூன்று படிகள்: வெவ்வேறு கம்பெனி ஹார்ட் டிஸ்குகள் இரண்டு, வேறு வேறு ஊர்களில், மூன்றாவது வாடகை இணையத்தில். ஒவ்வொரு கோப்புக்கும் விரல்ரேகை மாதிரி ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. கோப்பில் ஒரு துளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். பழையதைக் கொளுத்தும் போகியன்று உட்கார்ந்து எண்களை ஒப்பிடுகிறோம். ஐந்து வருடத்துக்கொருமுறை டிஸ்கை மாற்றுவதென்று முடிவு. பேசியவர் யார், எந்த ஊர், யார் கேட்கலாம் என்று அவர் சொன்னார் என்பதெல்லாம் வெறும் எழுத்துக்கோப்பாகவும் தாளிலும் இருக்கிறது. இதில் கஷ்டமானது டிஸ்க் வாங்குவதல்ல. அடுத்த போகிக்கு உட்கார இரண்டு பேர் கிடைப்பதுதான் கஷ்டம்.

பட்டியலில் 41ஆம் எண்ணுக்கு எதிரே 'ஒலி இல்லை' என்று எழுதியிருக்கிறோம். கேசட்டின் மேல் தோழர் கையெழுத்தில் 'நடவுப் பெண்கள், கூலிப் பேச்சு, 1989' என்றிருக்கிறது. அந்நாளில் தோழர்கள் கேசட்டுகளைப் படியெடுத்து ஊர் ஊராகக் கொடுத்தார்கள். உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பெட்டி இருந்தால், தயவுசெய்து இறக்கிப் பாருங்கள்.