புகையிலையிற் பிறந்த படச்சீட்டுகள்

பண்ணைக் கடலுக்கு மேற்கே கிடக்கும் வேலணைத் தீவினை ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் லைடன் என வழங்கினர். அங்கு நெல் மழையை நம்பியது. புகையிலையோ கிணற்றை நம்பியது. கன்றுக்குக் கன்று நீர் இறைத்து, நுனி முறித்து, பக்க அரும்பு கிள்ளி வளர்த்த செடியின் இலை முற்றியதும் வெட்டப்பட்டுக் குடிலிலே பொச்சுப் புகையூட்டப்பட்டது. பதப்படுத்திய இலை சிப்பமாகக் கட்டப்பட்டுச் சந்தைக்குச் சென்றது. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணக் குடாநாட்டினதும் தீவகத்தினதும் புகையிலை திருவிதாங்கூரிற் பெருவிலை பெற்ற பண்டமாக விளங்கிற்று. பிற்காலத்திற் சுருட்டாக உருமாறித் தென்னிலங்கைக் கடைத் தெருக்களையும் அது அடைந்தது.

இந்நெடிய வணிக வரலாற்றில் ஒன்று கவனத்திற்குரியது. சிப்பத்தினுள் எந்தப் படமும் வைக்கப்படவில்லை. சுருட்டுக் கட்டின்மேல் ஒட்டப்பட்ட சீட்டிலே வணிகரின் பெயரெழுத்து இருந்தால் அதுவே போதுமானதாயிற்று. இதே பயிர் அமெரிக்காவில் வேறொரு விளைவைத் தோற்றுவித்தது. அங்கே புகையிலை வணிகமே பந்தாட்ட வீரரின் உருவப்படங்களை இலட்சக்கணக்கில் அச்சிட்டு மக்களின் கைகளிற் சேர்த்தது. தமக்கு விருப்பமான அணியின் பேஸ்போல் படச்சீட்டுகளைத் திரட்டும் வழக்கம், இன்று புகையிலையோடு எவ்விதத் தொடர்பும் அற்றதாகத் தோன்றினும், அதன் வேர் புகையிலைத் தோட்டத்திலேயே உள்ளது.

வேறுபாட்டிற்கான காரணத்தை உற்பத்தி முறையிலேயே தேடவேண்டும். கைத்தேர்ச்சி பெற்ற தொழிலாளி ஒருவர் நிமிடத்திற்கு நான்கு சிகரெட்டுகளையே சுற்ற வல்லவராக இருந்தார். 1881 இல் ஜேம்ஸ் பொன்சாக் உரிமம் பெற்ற இயந்திரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 200 சிகரெட்டுகளைச் சுற்றிற்று. வட கரோலினாவின் ஜேம்ஸ் டியூக் 1884 அளவில் அதனைத் தம் ஆலையில் இயக்கத் தொடங்கியதும், புகைப்போரின் தொகையை மிஞ்சிப் பண்டம் குவிந்தது. ஒரு கம்பனியின் சிகரெட்டுக்கும் மற்றொன்றினதற்கும் சுவையிற் பெரிய வேற்றுமை இல்லாதபோது, வாங்குவோனை ஈர்க்கப் பண்டத்திற்குப் புறம்பான ஏதேனும் ஒன்று வேண்டியதாயிற்று. மென்தாள் உறையிலுள்ள சிகரெட்டுகள் நசுங்காதிருக்க வைக்கப்பட்ட தடித்த அட்டை அதற்கு இடங்கொடுத்தது. வெற்று அட்டை படச்சீட்டாயிற்று.

அணியின் படத்தை வணிகத்திற்குப் பயன்படுத்தும் எண்ணம் முற்றிலும் புதியதன்று. 1869 இல் வெளிப்படையாகவே ஊதியம் பெற்று ஆடிய முதலாவது அணியாகிய சின்சினாட்டி ரெட் ஸ்ரொக்கிங்ஸின் படத்தை, நியூயோர்க்கின் விளையாட்டுப் பொருள் வணிகரான பெக் அன்ட் ஸ்னைடர் தம் விளம்பரச் சீட்டில் வெளியிட்டிருந்தனர். ஆயினும் ஒரே அட்டையில் முழு அணியையும் காட்டுவது ஒன்று. வீரர் ஒவ்வொருவரையும் தனித்தனிச் சீட்டாக்கிப் பெட்டிகளிற் சிதறவிடுவது வேறொன்று. 1886 முதல் 1890 வரை குட்வின் கம்பனி தன் ஓல்ட் ஜட்ஜ் சிகரெட்டுகளுடன் வெளியிட்ட சீட்டுகள் இரண்டாவது வகையின. நிழற்படக் கூடத்தில், தீட்டிய திரையின் முன்னே, நூலிற் கட்டித் தொங்கவிட்ட பந்தைப் பிடிப்பது போல வீரர்கள் நிற்பதை அவற்றுட் பலவற்றிற் காணலாம். ரிச்மண்ட் நகரின் அலன் அன்ட் ஜின்ரர் 1887 இல் வெளியிட்ட 50 சீட்டுகள் கொண்ட உலக வீரர் வரிசையிற் பத்துப்பேர் பேஸ்போல் ஆட்டக்காரர்.

சேகரிப்போனின் மனத்தை வணிகர் நன்கு அறிந்திருந்தனர். பெட்டியைத் திறக்குமுன் உள்ளிருக்கும் முகம் எதுவென்று தெரியாது. தன் நகரத்து அணியின் ஒன்பது பேரையும் சேர்க்க விழைபவனுக்கு எதிரணி வீரனே மீண்டும் மீண்டும் கிடைக்கலாம். அவன் இன்னொரு பெட்டி வாங்கவேண்டும். அன்றேல் இன்னொருவனோடு மாற்றிக்கொள்ளவேண்டும். புகைக்கும் வயதை எட்டாத சிறுவர் கடைவாயிலில் நின்று, வெளிவருவோரிடம் சீட்டை இரந்து பெற்றனர். ஊர்ப்பற்று, பந்தாட்டப் பற்று ஆகியவற்றை விற்பனைக் கருவியாக்கிய இவ்வுத்தியைக் கள்ளமற்ற பொழுதுபோக்கின் தோற்றமெனக் கருதுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. ஆயினும் மாற்றுவது, ஒப்பிடுவது, குறைநிரப்புவது என்னும் செயல்களின் வாயிலாகச் சிறுவர் தமக்கென ஓர் உலகத்தை அமைத்துக்கொண்டனர் என்பதும் மறுக்கவியலாதது.

போட்டி பெற்றெடுத்த சீட்டைப் போட்டியின் முடிவே கொன்றது. 1890 இல் டியூக் ஐந்து பெருங் கம்பனிகளை ஒன்றிணைத்து அமெரிக்கப் புகையிலைக் கம்பனியை நிறுவினார். வாங்குவோன் வேறிடம் செல்ல வழியில்லாத நிலையில் அவனுக்குப் படம் கொடுப்பானேன்? பேஸ்போல் சீட்டுகள் ஏறத்தாழ மறைந்தன. பின்னர் அக்கம்பனியே 1909 முதல் 1911 வரை, 16 வணிகப் பெயர்களின் கீழ், வெண்ணிற ஓரங்கொண்ட 500 இற்கு மேற்பட்ட சீட்டுகளை வெளியிட்டது. பிற்ஸ்பேர்க் அணியின் ஹோனஸ் வாக்னருடைய சீட்டு இவ்வரிசையைச் சேர்ந்தது. அவருடைய மறுப்பினால் அது விரைவில் நிறுத்தப்பட்டது. சிறுவர் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பர் சிலர்; ஊதியம் தரப்படாமையே காரணம் என்பர் வேறு சிலர். அறுபதிற்குக் குறைவான படிகளே இன்று அறியப்பட்டுள்ளன. 1911 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அக்கம்பனியின் ஏகபோகத்தைக் கலைத்தது.

பிரித்தானியாவில் இவ்விடத்தைக் கிரிக்கெட் பெற்றது. வில்ஸ் கம்பனி 1896 இல் 50 கிரிக்கெட் வீரரின் வரிசையை வெளியிட்டது. ரஞ்சித்சிங்ஜியின் உருவமும் சிகரெட்டுச் சீட்டுகளில் இடம்பெற்றது. போர்க்காலத் தாள் தட்டுப்பாட்டினால் 1940 இல் அங்கு இவ்வழக்கம் நின்றது. அமெரிக்காவிலோ சீட்டு புகையிலையைக் கைவிட்டுச் சுயிங்கத்தைப் பற்றிக்கொண்டது. சிறுவனே நேரடியாக வாங்குவோனானான்.

இச்சீட்டுகளை வரலாற்று ஆவணமாக்கியவர் செல்வந்தரோ பேராசிரியரோ அல்லர். நியூயோர்க் மாநிலத்தின் சிரகியூஸ் நகரில் மின்கருவி ஆலையொன்றிற் பணிபுரிந்த ஜெபர்சன் பேர்டிக் (1900–1963) என்னும் தொழிலாளி, மூட்டுவாதத்தால் விரல்கள் முடங்கிய நிலையிலும், படச்சீட்டுகளோடு வாழ்த்துமடல், பண்டச்சீட்டு, விளம்பரத் துண்டு ஆகியவற்றையும் திரட்டினார். 1939 இல் அவர் வெளியிட்ட விவரப் பட்டியலே சேகரிப்போருக்குப் பொதுமொழி ஒன்றை அளித்தது. வாக்னர் சீட்டு அடங்கிய வரிசை இன்றும் அவர் இட்ட இலக்கத்தாலேயே அறியப்படுகின்றது. ஏனைய சீட்டுகள் சில சதங்களுக்கு விலைபோன காலத்திலேயே வாக்னருக்கு 50 டொலர் எனக் குறித்தவரும் அவரே. 1947 முதல் தம் சேகரத்தை நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் அரும்பொருளகத்திற்கு அவர் வழங்கத் தொடங்கினார். அச்சுப்படப் பிரிவின் காப்பாளர் ஹயற் மேயர் அதனை ஏற்றார். பேர்டிக் தாமே அங்கு அமர்ந்து, மூன்று இலட்சத்திற்கு மேற்பட்ட தாள்களைத் தொகுப்பேடுகளில் ஒட்டினார். 1963 ஜனவரி 10 ஆம் நாள் கடைசித் தாளை ஒட்டி முடித்து வெளியேறியவர், இரண்டு மாதங்களில் மறைந்தார்.

வாக்னர் சீட்டொன்று 2022 இல் 72.5 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. 1952 இல் ரொப்ஸ் கம்பனி வெளியிட்ட மிக்கி மான்ரில் சீட்டு அதே ஆண்டில் 126 இலட்சம் டொலரைப் பெற்றது. அவ்வாண்டு வரிசையின் விலைபோகாத பெட்டிகளை அக்கம்பனியினர் 1960 இல் அத்திலாந்திக் கடலிற் கொட்டினர். சந்தை மதிப்பது அரிதாந்தன்மையை. வரலாறு மதிப்பதோ தொடர்ச்சியை. ஒரு வரிசையின் மலிவான சீட்டுகளும் உடனிருந்தால்தான் எந்த நகரத்து அணியை எந்தக் கம்பனி எக்காலத்தில் விளம்பரத்திற் பயன்படுத்தியது என்பதை அறியலாம். பேர்டிக்கின் ஏட்டில் வாக்னர் ஏனையோருடன் ஒருவராகவே இருக்கின்றார்.

இந்நோக்கிற் பார்க்கும்போது வேலணையின் நிலை வேறொரு பொருளைப் பெறுகின்றது. தீவகத்தில் தாளே இல்லாமற் போகவில்லை. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க ஏனையோர் கேட்டுக்கொண்டே சுருட்டுச் சுற்றுவர். அங்கே புகையிலையோடு சேர்ந்து வந்தது படமன்று, செய்தி. சுருட்டுச் சீட்டு, தென்னிலங்கைக் கடையின் கணக்கேடு, கோயிற் திருவிழா அறிவித்தல், உதைபந்தாட்ட அணியினர் வரிசையாக நிற்கும் படத்தோடு வந்த பாடசாலை மலர், அந்தியேட்டி நாளில் வழங்கப்படும் கல்வெட்டு ஆகியன யாவும் பேர்டிக் திரட்டியவற்றையொத்த தாள்களே. இவற்றைச் சேர்த்து வைத்திருந்த பெட்டகங்களும் வீடுகளில் இருந்தன.

சேகரத்திற்கு முதலில் வேண்டுவது அசையாத வீடு. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் தென்னிலங்கைத் தமிழர் கடைகள் பல எரிந்தபோது கணக்கேடுகளும் எரிந்தன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு தீக்கிரையாயிற்று. பொது நிறுவனத்தில் வைத்தலே காப்பு என்னும் நம்பிக்கையும் அவ்விரவிற் குலைந்தது. 1990, 1991 ஆம் ஆண்டுகளின் படை நடவடிக்கைகளின்போது வேலணை மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். கையிற் கொண்டு செல்ல முடிந்தவை உறுதிப் பத்திரங்களும் நகைகளுமே. சுருட்டுச் சீட்டை எவர் தூக்கிச் செல்வர்?

2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகத் திட்டம் நூல்களோடும் இதழ்களோடும் பாடசாலை மலர்களையும் நினைவு மலர்களையும் படியெடுத்து வருகின்றது. வெளிநாடுகளுக்குப் பெயர்ந்தோரிடமும் இத்தகைய தாள்கள் தப்பியிருக்கின்றன. கல்வெட்டொன்றின் வம்சாவளிப் பக்கத்தில் இறந்தவர் பெயரும், அவர் பெண்ணெடுத்த ஊரும், கடை நடத்திய நகரும், பிள்ளைகள் வாழும் நாடுகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. வேலணைப் புகையிலையும் அதனை விற்றவரும் சென்ற வழியை, அத்தகைய பக்கங்களை வரிசையாக அடுக்கி வைத்துத்தான் இனி வரைய முடியும்.